குழந்தைக்காக வைத்த பணத்தில் வீட்டுக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து 20 மாதமாகத் தமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறேன். கீமோவுக்கு முன்பே 4 கருக்களை உறைய வைத்திருக்கிறோம். குழந்தைக்காக மாத்திரையை இடையில் நிறுத்தலாம் என்கிறார் டாக்டர். கையில் 14 மாத வீட்டுச் செலவுக்கான பணம் இருக்கிறது. அதைக் கொண்டு வீட்டுக் கடனை அடைத்துவிடட்டுமா?

பதில்: இப்போது வேண்டாம். கடனில் கட்டிய பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது. உங்களுக்கோ நாள் குறித்துச் செலவு வரப்போகிறது.

2023-ல் வெளியான ‘பாசிட்டிவ்’ (POSITIVE) என்ற மருத்துவ ஆய்வில், 18 முதல் 30 மாதம் ஹார்மோன் சிகிச்சை எடுத்த பெண்கள் குழந்தைக்காக அதிகபட்சம் 2 ஆண்டு மாத்திரையை நிறுத்தினார்கள். முதல் 3 ஆண்டுகளில் அதனால் நோய் திரும்புவது கூடவில்லை. உங்கள் டாக்டரும் அதே 2 ஆண்டு கொடுத்தால், மருந்து உடலைவிட்டு நீங்கவே குறைந்தது 3 மாதம் போகும். அதுவரை கர்ப்பம் கூடாது. ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை உங்களுக்கு ஆகாது, ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத முறைதான் வழி. கர்ப்பத்துக்கு 9 மாதம். ஆக, கரு வைக்கும் முயற்சிக்கு மிஞ்சுவது 12 மாதம்தான். உறைநீக்கும்போதே ஒரு கரு வீணாகலாம், வைத்தது ஒட்டாமலும் போகலாம். அப்புறம் பணம் புரட்ட 4 மாதம் அலைந்தால் காலம் கைநழுவிவிடும். அதனால் 2 முயற்சிக்கான பணம் முதல் நாளே சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும்.

எவ்வளவு என்று கருத்தரிப்பு மையத்திடம் எழுத்தில் வாங்குங்கள். உறைநீக்கம், கருப்பையைத் தயார்செய்யும் மருந்து, ஸ்கேன், கரு வைத்தல், ரத்தப் பரிசோதனை எனத் தனித்தனியாகக் கேளுங்கள். பேக்கேஜில் மருந்து சேருமா, 2-வது முறை எதெதற்கு மறுபடி கட்ட வேண்டும் என்பதும் அதில் வரட்டும்.

கருக்களைப் பாதுகாக்கும் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் தவறவிடாதீர்கள். கார்டு காலாவதியாகி, பழைய மொபைல் எண்ணுக்கு நினைவூட்டல் போய், நிலுவை ஏறிவிடும். எத்தனை மாத நிலுவைக்குப் பின் கருக்களை அகற்றலாம் என்று ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இன்றே எடுத்துப் படியுங்கள்.

இருக்கும் மருத்துவக் காப்பீட்டை விடவே கூடாது; இந்த நோய்க்குப் பிறகு புதிதாக எடுப்பது கடினம். அதில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்பதை மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பே பாருங்கள்.

6 மாத வீட்டுச் செலவைத் தொடாமல் வையுங்கள். முயற்சிக்கும் பிரசவத்துக்கும் ஒதுக்கியபின் மிஞ்சுவது கடனுக்குப் போகட்டும். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை மட்டும் இப்போதே அடையுங்கள். பிரசவத்துக்குப் பின் தமாக்சிஃபென் மறுபடி தொடங்கும், அப்போது தாய்ப்பால் கொடுக்க முடியாது. பால் பவுடரையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.