குறைந்த செலவில் ப்ரீஆம்ப்: கேள்விகளும் பதில்களும்

ப்ரீஆம்ப் என்பது பாட்டு வரும் கருவிக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கும் நடுவில் சத்தத்தை ஏற்றி இறக்கும் பெட்டி. கேள்வி கேட்பதற்கு முன் மூன்று விவரம் பார்த்து வையுங்கள். பாட்டு எதிலிருந்து வருகிறது, அதன் அவுட்புட் எத்தனை வோல்ட்? உங்கள் பவர் ஆம்ப் முழு சக்தி கொடுக்க எத்தனை வோல்ட் கேட்கிறது? அதன் இன்புட் இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) எத்தனை ஓம்? இவை இல்லாமல் "எது நல்லது" என்று கேட்டால் நானும் ஒரு பெயரை அடித்துவிட வேண்டியதுதான்.

சார், டேக் (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) 2 வோல்ட் தருகிறது. பவர் ஆம்ப் 1.4 வோல்ட், 47 கிலோ ஓம் என்று போட்டிருக்கிறது. நடுவில் ப்ரீஆம்ப் கட்டாயமா?

விவரத்தோடு கேட்டதற்கு நன்றி. கட்டாயமில்லை. ஆம்ப் கேட்பதை விட அதிகமாகவே உங்கள் டேக் கொடுக்கிறது. சிடி ப்ளேயர் வந்த காலத்திலிருந்து 2 வோல்ட் என்பது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்னால் ட்யூனர், டேப் டெக் எல்லாம் அதில் பாதியோ கால்வாசியோதான் தந்தன. ஏற்றிக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. இன்றைக்கு உங்களுக்கு வேண்டியது ஏற்றுவது இல்லை, குறைப்பது. ஒரு நல்ல வால்யூம் கண்ட்ரோல், இரண்டு மூன்று கருவிகள் இருந்தால் மாற்றிப்போட ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான்.

டேக்கிலேயே வால்யூம் இருந்தால் அதுவே போதும் என்பார்கள். 24 பிட் டேக் என்றால் தரத்தில் குறை வராது: ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல், 30 டெசிபல் குறைத்தாலும் ஐந்து பிட்தான் போகிறது. என் பயம் வேறு. கரண்ட் போய் வந்த பிறகு சில கருவிகள் வால்யூமை முழுசுக்குக் கொண்டுபோய்விடும். கணினியில் ஒரு அறிவிப்பு மணி அடித்தால் ட்வீட்டர் காலி. நடுவில் கையால் திருகும் குமிழ் ஒன்று இருக்கட்டும்.

வெறும் பேசிவ் பெட்டி வாங்கலாமா? ட்ரெபிள் மங்கிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பேசிவ் என்றால் உள்ளே ஒரு வால்யூம் கண்ட்ரோலும் ஸ்விட்சும் மட்டுமே. கரண்டே வேண்டாம், இரையவும் இரையாது. காசுக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது, மூன்று விஷயம் ஒத்துவந்தால்.

வால்யூம் கண்ட்ரோல் 10 கிலோ ஓம் என்று வையுங்கள். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் மிக அதிகமாகப் போனால் 2.5 கிலோ ஓம், அதாவது நான்கில் ஒரு பங்கு. கேபிளின் கெபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) மீட்டருக்கு 100 பிகோபாரட் என்றால் மூன்று மீட்டருக்கு 300. இரண்டும் சேர்ந்து ட்ரெபிளை 3 டெசிபல் வெட்டுவது சுமார் 210 கிலோ ஹெர்ட்ஸில். வௌவாலுக்குத்தான் கவலை. இதே இடத்தில் 100 கிலோ ஓம் போட்டால் 25 கிலோ ஓம் ஆகிறது; வெட்டு 21 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மங்குகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, தப்பான பெட்டி வாங்கியிருக்கிறார்கள்.

ஆகவே 10 கிலோ ஓம், கேபிள் ஒரு மீட்டருக்குள், பவர் ஆம்ப் இன்புட் 30 கிலோ ஓமுக்கு மேல். ட்யூப் (பழைய ரேடியோவில் இருந்த வால்வு) அவுட்புட் உள்ள ப்ளேயர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது வேண்டாம். அவற்றில் பலவற்றுக்கு 10 கிலோ ஓம் பாரம் தாங்காது.

டர்ன்டேபிளை அந்த மாதிரிப் பெட்டியில் செருகினேன். காதை ஸ்பீக்கரில் வைத்தால்தான் கேட்கிறது.

அதற்கு போனோ ஸ்டேஜ் (டர்ன்டேபிளின் சிறு சிக்னலை ஏற்றும் பெட்டி) தனியாக வேண்டும். எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி மாட்டிய பாகம், தருவது 5 மில்லிவோல்ட் அளவு. 40 டெசிபல் ஏற்ற வேண்டும், 47 கிலோ ஓம் லோடு. எம்சி (மூவிங் காயில்) என்றால் 60 டெசிபல் பக்கம். ஏற்றினால் மட்டும் போதாது. இசைத்தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். எவ்வளவு குறைப்பது, கூட்டுவது என்பதற்கு 1954-இலிருந்து ஆர்ஐஏஏ என்ற ஒரே வளைவு. அதை போனோ ஸ்டேஜ் திருப்பிப் போட வேண்டும். வாங்குவதற்கு முன் டர்ன்டேபிளின் பின்பக்கம் போனோ/லைன் என்று ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் லைனில் தள்ளுங்கள், வேலை முடிந்தது.

அண்ணே, பட்ஜெட் குறைவு. எது நல்லது?

மேலே முதல் பத்தி.

மலிவான ட்யூப் ப்ரீஆம்ப் ஒன்று பார்த்தேன். ட்யூப் ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. இனிமை வருமா?

அந்த ஆரஞ்சு பல மாடல்களில் ட்யூபுக்கு அடியில் ஒட்டிய எல்இடி. 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டியில் ட்யூபுக்குப் போதிய வோல்டேஜ் கிடைப்பது அரிது. 12ஏஎக்ஸ்7 போன்றவை நூறு வோல்ட்டுக்கு மேல் கேட்பவை. உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் டிஸ்டார்ஷன். அது பிடித்திருந்தால் வாங்குங்கள், குற்றமில்லை.

என் ப்ரீஆம்புக்குள் என்இ5532 (சிக்னலை ஏற்றும் ஆப் ஆம்ப் சிப்) தான் இருக்கிறது. பிடுங்கிவிட்டு ஓபிஏ2134 போட்டேன், ஒலி மேடை விரிந்துவிட்டது (பாட்டு அகலமாகப் பரவிக் கேட்கிறது). நீங்கள் ஏன் இதைச் சொல்லவே மாட்டேன் என்கிறீர்கள்?

வந்துவிட்டதா! சரி. என்இ5532-இன் நாய்ஸ் 5 நானோவோல்ட், ஓபிஏ2134-இன் நாய்ஸ் 8. 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால் பழைய சிப்தான் அமைதியானது. ஸ்டூடியோ மிக்ஸர்களில் பாட்டு பதிவாகும்போதே இந்தச் சிப்பைப் பல தடவை தாண்டித்தான் வருகிறது. கடைசியாக உங்கள் வீட்டில் ஒன்றை மாற்றியதும் மேடை விரிகிறதா?

(வேறொருவர்) ஸ்பெக் ஷீட்டை வைத்துப் பாட்டுக் கேட்க முடியாது. காதுதான் நீதிபதி.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீதிபதி கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டின் சத்தமும் மீட்டரில் சமமாக இருக்க வேண்டும். எது எது என்று சொல்லாமல் இன்னொருவர் மாற்றிப்போட வேண்டும். சிப்பைக் கழற்றி மாட்டி, கேபிள் செருகி, உட்கார்ந்து கேட்பதற்குள் முன்பு கேட்டது நினைவில் நிற்பதில்லை.

(அவரே) அப்படியானால் எல்லா ஆப் ஆம்பும் ஒன்றா?

இல்லையே. வால்யூம் கண்ட்ரோல் 100 கிலோ ஓம் என்றால் எஃப்இடி இன்புட் (கரண்ட் ஏறக்குறைய இழுக்காதது) உள்ள 2134-க்குத்தான் என் ஓட்டு. 5532-இன் கரண்ட் நாய்ஸும் பயாஸ் கரண்ட்டும் (அதன் இன்புட்டில் ஓடும் சிறு கரண்ட்) அங்கே தலைகாட்டும், குமிழைத் திருகினால் கரகரக்கவும் செய்யலாம். இன்னும் வேகமான சிப்பைப் போட்டு, சிப்பின் பவர் காலுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோபாரட் கெபாசிட்டர் இல்லாவிட்டால், காதுக்கு எட்டாத ஃப்ரீக்வென்சியில் ஆஸிலேட் ஆகி (தானாகவே அதிர்ந்து) சூடாகும். அதையும் சிலர் "விவரம் கூடியது" என்று எழுதுகிறார்கள். போலிச் சிப்புகள் தனிக் கதை. அந்தக் காசை நல்ல வால்யூம் கண்ட்ரோலில் போடுங்கள். இந்த வழக்கை இத்துடன் மூடுகிறேன்.

ப்ரீஆம்ப் போட்டதிலிருந்து உர்ர் என்கிறது. பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் நின்றுவிடுகிறது. விட்டுவிடலாமா?

கூடாது. இன்றைக்கே திரும்ப மாட்டுங்கள். உள்ளே ஒரு வயர் கழன்று உலோகப் பெட்டியில் பட்டால் பெட்டியே ஷாக் அடிக்கும். எர்த் இருப்பதே அதற்காக. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். பிறகு கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எது குற்றவாளி என்று கண்டுபிடியுங்கள். கேபிள் டிவி வயர் எங்கேயாவது சேர்ந்திருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் கேபிள் இணைப்பு) உள்ளது வாங்கினால் தரம் கூடுமா?

கேபிள் நீளமானால் அல்லது உர்ர் சத்தம் தீராவிட்டால் உதவும். ஒரு மீட்டருக்கு வேண்டாம்.

எர்த் பின் பற்றி: இரண்டு பின் அடாப்டர் போட்டால் பரவாயில்லையா?

அதுவும் எர்த்தை எடுப்பதுதான். கூடாது.

டேக்கில் 2 வோல்ட் வருகிறது, ப்ரீஆம்ப் தேவையா?

முதல் பதில்.

ஐயா, ப்ரீஆம்ப் வாங்கிவிட்டேன். குமிழைக் கடிகார முள்ளின் எட்டு மணி நிலையில் வைத்தாலே காது கிழிகிறது. ராத்திரி சத்தம் குறைத்தால் பாடகர் இடது பக்கம் நகர்ந்துவிடுகிறார்.

இரண்டும் ஒரே நோய். ப்ரீஆம்ப் 20 டெசிபல் ஏற்றுகிறது என்றால், அதற்கு மேல் பவர் ஆம்ப் 29 டெசிபல். 2 வோல்ட்டுக்கு இவ்வளவு வேண்டவே வேண்டாம். அதனால் குமிழின் அடிமட்டத்திலேயே வாழ்கிறீர்கள். மலிவான இரட்டை வால்யூம் கண்ட்ரோலில் இடது, வலது இரண்டும் மோசமாகப் பொருந்துவது அந்த அடிமட்டத்தில்தான்.

ப்ரீஆம்பில் கெயின் (எவ்வளவு ஏற்றுவது என்ற) ஸ்விட்ச் இருந்தால் லோ-வில் வையுங்கள். இல்லையென்றால் பவர் ஆம்ப் இன்புட்டில் 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு பிளக்) ஒரு ஜோடி செருகுங்கள். பின்னணி இரைச்சலும் சேர்ந்து இறங்கும். செருகும்போது பவர் ஆம்ப் அணைந்திருக்கட்டும். அடுத்த தடவை வாங்கும்போது ஸ்டெப்டு அட்டென்யுவேட்டரோ (படிப்படியாகத் திரும்பும் வால்யூம் கண்ட்ரோல்) பிஜிஏ2311 போன்ற வால்யூம் சிப்போ உள்ளதைப் பாருங்கள்; அந்தச் சிப் 0.5 டெசிபல் படியாக இறங்கும், இரண்டு பக்கமும் ஒட்டியே போகும். அட்டென்யுவேட்டர் போட்ட பிறகும் பாடகர் நகர்ந்தால், வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.