பழைய காரை ஹொட் ரொட் ஆக்குதல்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான கேள்வி பதில்

வெள்ளவத்தையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தன் பெரியப்பாவின் கொட்டகையில் நெடுங்காலம் ஓடாமல் நின்ற மொரிஸ் மைனரை ஹொட் ரொட்டாக, அதாவது எடை குறைத்து வலுவைக் கூட்டிய பழைய காராக, மாற்ற விரும்புவதாகவும், இதுவரை ஒரு கார்புரேட்டரைக்கூடக் கழற்றியதில்லை என்றும் எழுதியிருந்தார். அவருடைய கேள்விகளுக்கும் அவற்றைத் தொடர்ந்து மற்றவர்கள் கேட்டவற்றுக்கும் இங்கே பதில் தருகிறேன். பலர் ஒன்றையே கேட்டிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

வெள்ளவத்தை: ஐயா, என்னிடம் இருப்பது 1958ஆம் ஆண்டின் நான்கு கதவு மைனர். எஞ்சின் இறுகிப்போயிருக்கிறது. முதலில் எஞ்சினை மாற்றுவதா, பொடி (காரின் உடல்) வேலையைத் தொடங்குவதா?

இரண்டும் வேண்டாம். காரை உறுதியான தாங்கிகளில் உயர்த்தி வைத்து, அதன் அடியைப் பாருங்கள். மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து உருவாக்கிய பொடிதான் பாரம் முழுவதையும் சுமக்கிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் சில், கியர்பொக்ஸுக்கு அடியில் குறுக்காகச் செல்லும் சட்டம், அதன் இரு முனைகளிலும் ஜாக் வைக்கும் இடங்கள், பின் இலை ஸ்பிரிங்குகள் பூட்டப்பட்டிருக்கும் இடங்கள் ஆகியவற்றை ஒரு கூரான திருகாணிச் செலுத்தியால் குத்திப் பாருங்கள். முன் சக்கரங்களைத் தாங்கும், முறுக்கப்படும்போது ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார்களின் பின்முனைகள் அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பூட்டப்பட்டிருக்கின்றன என்பதால், அது உக்கியிருந்தால் எந்த எஞ்சினைப் பூட்டினாலும் அந்தக் கார் நேராக ஓடாது. துணி சுற்றிய காந்தம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாக, பள்ளங்களை நிரப்பும் புட்டிதான் இருக்கிறது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நின்ற கார்களில் மேற்பூச்சு பளபளவென்று இருந்தாலும் சில் வெறும் புட்டியாக இருப்பது அபூர்வமன்று.

கட்டமைப்பு, நிறுத்தும் வலு, ஓடும் வலு, தோற்றம் என்ற வரிசையை இறுதிவரை மாற்றாதீர்கள். கொழும்பில் பாதியில் கைவிடப்பட்ட வேலைகளில் பெரும்பாலானவை இந்த வரிசை தலைகீழானவை. எஞ்சினுக்கும் பெயின்ட்டுக்கும் பணம் போன பிறகு சில் உக்கியிருப்பது தெரியவரும். அத்துடன் கார் மீண்டும் கொட்டகைக்குள் போய்விடும்.

கொட்டாஞ்சேனை, மாணவி: ஹொட் ரொட் என்பது அலங்கரித்த பழைய கார்தானா?

அலங்காரம் பிறகு வந்தது. முதலில் இருந்தது வேகம். தென் கலிபோர்னியாவில் மியூரொக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில், கைப்பணம் குறைந்த இளைஞர்கள் மலிவான போர்ட் கார்களின் மட்கார்டையும் கூரையையும் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைத் திருத்தி ஓட்டிப் பார்த்ததில் இது தொடங்கியது. அந்தக் குழுக்கள் சேர்ந்து 1937இல் தென் கலிபோர்னிய நேர அளவீட்டுச் சங்கத்தை அமைத்தன. 1932இல் போர்ட் நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் 65 குதிரைவலு கொண்ட வி8 எஞ்சினை (வி வடிவில் எட்டு சிலிண்டர்கள் கொண்டது) வெளியிட்டது. அந்த ஆண்டுக் காரே இன்றும் இந்தக் கலையின் மூலவடிவமாகக் கருதப்படுகிறது. போருக்குப் பின் கூட்டம் பெருகி, 1949இல் யூட்டா மாநிலத்தின் பொன்வில் உப்புவெளி வரை போனது. எடையைக் குறை, வலுவைக் கூட்டு, தாழ்வாக நிறுத்து என்ற மூன்றையும் எந்த நாட்டுக் காரிலும் செய்யலாம். எங்களுக்குக் கிடைத்தவை பிரித்தானியாவின் சின்னக் கார்கள்.

தெஹிவளை: அப்படியானால் மைனரின் கூரையை வெட்டித் தாழ்த்தலாமா? அல்லது வேறு கார் நல்லதா?

நான் முன்பு சொன்ன கட்டமைப்பே இதற்கும் காரணமாகிறது. சலூன் மைனரின் கூரையை அப்படியே வெட்டி எடுத்தால், நடுப்பகுதி தொய்ந்து கதவுகள் இறுகிவிடும். தொழிற்சாலையிலிருந்தே திறந்த கூரையுடன் வந்த மைனருக்குச் சில்லிலும் முன்பலகைக்குக் கீழேயும் கூடுதல் வலுவூட்டல் இருந்தது. கூரையை மீண்டும் பற்றவைத்துத் தாழ்த்துவது முடியாததன்று. ஆனால் கண்ணாடிகள் அனைத்தையும் புதிதாக வெட்ட வேண்டும், தூண்களின் சாய்வும் ஒத்துவராது. முதல் காருக்கு இது வேண்டாம். உயரத்தைக் குறைக்க விரும்பினால் முன் டோர்ஷன் பார்களைப் பல் மாற்றிப் பூட்டியும், பின்னால் தாழ்த்தும் கட்டைகள் வைத்தும் ஓரளவு இறக்கலாம்.

பொடியைத் தூக்கி வைத்துவிட்டுச் சட்டகத்தில் தனியாக வேலை செய்ய ஆசைப்படுபவர்கள் 1953 முதல் 1959 வரை தயாரான போர்ட் பொப்புலரைத் தேட வேண்டும். பிரித்தானியாவில் ஹொட் ரொட் செய்பவர்களின் முதல் தெரிவு நெடுங்காலம் அதுவாகவே இருந்தது. ஆனால் அதன் பிரேக் கம்பிகளால் இழுக்கப்படுவது, மின்சாரம் 6 வோல்ட், முன்புறம் குறுக்கே வைத்த ஒரே இலை ஸ்பிரிங். இவை அனைத்தையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் புதியவருக்கு மைனரே இலகுவானது. பல்லுள்ள சட்டம் ஒன்றைச் சிறு பற்சக்கரம் நகர்த்தும் மைனரின் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் இன்றைக்கும் குறை சொல்ல முடியாதது.

பம்பலப்பிட்டி: இப்படி ஒரு பழைய காரை வெட்டுவது பாவமில்லையா?

எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. 1948 முதல் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் தயாராகின. இறுகிய எஞ்சினும் உக்கிய சில்லும் கொண்ட ஒரு நான்கு கதவுக் காரை மாற்றியமைப்பதால் வரலாறு குறைந்துவிடாது. அதே வேளை, முன்விளக்குகள் கிரில்லுக்குள் தாழ்ந்திருக்கும் தொடக்ககால மைனரோ, மரச்சட்டம் கொண்ட டிரவலரோ, எல்லாப் பாகமும் மூலத்தில் உள்ளபடியே இருக்கும் காரோ உங்களிடம் இருந்தால், அதை வெட்டாமல் விற்று வேறொன்றை வாங்குங்கள். வெட்டிய தகட்டைத் திரும்பப் பெற முடியாது. கழற்றிப் பூட்டக்கூடிய மாற்றங்களை விரும்புபவன் நான்.

மட்டக்குளி: எஞ்சினை மாற்றினால் பதிவில் சிக்கல் வருமா?

சொல்லாமல் மாற்றினால் வரும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ்ப் பதிவான காரின் சான்றிதழில் சேஸி இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றன. எதை மாற்ற நினைத்தாலும், வெட்டத் தொடங்குவதற்கு முன்பே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்து மூலம் விசாரியுங்கள். எஞ்சினை விற்பவரிடம் பற்றுச்சீட்டையும் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். “பிறகு தருகிறேன்” என்பவரிடம் எஞ்சினை வாங்காதீர்கள். சேஸி இலக்கம் உள்ள தகட்டை அரைக்கவோ இடம் மாற்றவோ கூடாது. பெரியப்பாவின் பெயரில் உள்ள காரை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றி, வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை என்று பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்தின் பின் அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

1958ஆம் ஆண்டுக் கார் என்பதால் இலக்கத் தகடு சிங்கள ஸ்ரீ எழுத்துடன் இருக்கக்கூடும். அந்த எழுத்தை எதிர்த்து அதன்மீது தார் பூசிய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று சேகரிப்பவர்கள் அதையே துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் பழைய இலக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

வெள்ளவத்தை: பிரேக்கைப் பற்றி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

உங்கள் காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான் இருக்கிறது. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். அதன் பிறகு கைப்பிரேக் மட்டுமே துணை. மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்குத் தரும் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருப்பதால், எண்ணெய் குறைவதை யாரும் கவனிப்பதுமில்லை. இந்தக் காரணத்தால்தான் புதிய எஞ்சினுக்கு முன்பே, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனிச் சுற்றுக் கொண்ட இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பூட்டுங்கள் என்கிறேன்.

1958ஆம் ஆண்டு மைனரின் பிரேக் டிரம் 7 அங்குலம். 1962இல் வந்த 1098 சிசி காரின் முன் டிரம் 8 அங்குலம். மூல எஞ்சினுடன் ஓடுபவருக்கு அது போதும். அதற்கு மேல் வலுவைக் கூட்டுபவர் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பூட்டியே ஆக வேண்டும். மொரிஸ் மரீனாவின் டிஸ்க்கைப் பூட்டுவது பழைய, நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி. ஜப்பானியக் காலிப்பரை (டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பாகம்) பூட்டும் தாங்கித் தகட்டை லேத் பட்டறையில் செய்விப்பவர்கள், கிடைத்த இரும்புத் துண்டைப் பற்றவைக்க விடாமல், ஒரே கனத் தகட்டில் முழுதாக வெட்டச் சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் சக்கரத்தைத் தொங்கவிட்டும் ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு 155 வரை இறங்கலாம். கொழும்பின் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுவது மிகையாகாது.

மருதானை: பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எந்த எஞ்சினைத் தேடுவது?

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, காரில் உள்ள 948 சிசி எஞ்சினின் குடும்பத்திலேயே பெரியதான 1275 சிசி எஞ்சின். இது முன்பின்னாக நிற்கும் வகையாக, மரீனாவிலிருந்தோ மிட்ஜட்டிலிருந்தோ வந்ததாக இருக்க வேண்டும். மினியிலிருந்து எடுத்தது குறுக்காக நிற்பதற்காகச் செய்யப்பட்டது, அது வேண்டாம். முன்பின்னாக நிற்கும் வகைக்குத் தாங்கிகள் பெரும்பாலும் பொருந்திவிடும் என்பதால் புதியவருக்கு நான் முதலில் சொல்வது இதுவே. இரண்டாவது, டட்சன் சனியின் ஏ12, ஏ14 போன்ற எஞ்சின்கள். எடை குறைவு, அளவும் ஒத்தது. மூன்றாவது, லைட்ஏஸ், டவுன்ஏஸ் வான்களில் வந்த டொயோட்டா 5கே. 1486 சிசி, உழைப்பில் சளைக்காதது, உதிரிப்பாகமும் எங்கும் கிடைக்கும். ஐந்து கியர் பொக்ஸுடன் சேர்த்தே வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் மைனரின் எஞ்சின் அறையை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஸ்டியரிங் ரேக், எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப், குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் இந்த வேலையின் முழுத் தலைவலியும் இருக்கிறது. கியர்பொக்ஸுக்கு இடம் வேண்டுமென்று குறுக்குச் சட்டத்தை வெட்டிவிட்டு ஒரு கம்பியைப் பற்றவைத்துத் தரும் கராஜ்களும் உண்டு. அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

பின் அச்சையும் மறக்கக்கூடாது. பின் அச்சு விகிதம் என்பது சக்கரம் ஒருமுறை சுழல புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்பது. 948 சிசி காரில் அது 4.55, 1098 சிசி காரில் 4.22. பின்னையதில் நான்காம் கியரில் நிமிடத்துக்கு 4000 சுற்றில் மணிக்குச் சுமார் 100 கிலோமீற்றர் வேகம் வரும். அது தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் உச்ச வேகமும்கூட. ஆனால் அந்த அச்சுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ட் ஐம்பது குதிரைவலுவை எட்டாத எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. அதற்கு மேல் வலுக் கூடினால், அகலம் பொருந்தும் ஜப்பானிய அச்சு ஒன்றைத் தேடுங்கள்.

ராஜகிரிய: லெக்சஸ் வி8 எஞ்சினைப் பூட்டலாமா?

முதல் காரில் வேண்டாம்.

கொள்ளுப்பிட்டி: அகலமான அலோய் சக்கரங்களைப் பூட்டலாமா?

மைனரின் நான்கு போல்ட்களும் அமைந்த வட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். பல ஜப்பானியச் சக்கரங்களின் வட்டம் 100. கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசத்தை நட்டை இறுக்கிச் சரிசெய்யலாம் என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். நட் சரியாக அமராது, போல்ட் வளைந்து ஒருநாள் முறியும்.

வத்தளை: பழைய வயரிங்கை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். உங்கள் காரில் பற்றறியின் நேர்முனை பொடியோடு இணைந்திருக்கிறது. ஜப்பானிய எஞ்சினும் ஒல்டர்னேட்டரும் இதற்கு நேர்மாறானவை. கவனிக்காமல் இணைத்தால் ஒல்டர்னேட்டரின் டையோடுகள் அந்தக் கணமே எரிந்துபோகும். காரில் மொத்தம் இரண்டே பியூஸ்கள். துணி சுற்றிய பழைய வயர்களைக் கழற்றி, பியூஸ் பெட்டியுடன் புதிய வயரிங் போட்டு, முன்விளக்குக்கும் மின்விசிறிக்கும் ரிலே வையுங்கள்.

வெள்ளவத்தை: காலி வீதி நெரிசலில் சூடேறாதா?

ஏறும். நம்மவர்கள் உடனே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவார்கள், அது தீர்வன்று. ரேடியேட்டரை முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து, அதன் பரப்பை முழுவதும் மூடும் கூண்டுடன் மின்விசிறி பூட்டினால், கார் நின்றிருக்கும்போதும் காற்று இழுக்கப்படும். மூடியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரைப் பாகை செல்சியஸ் உயரும்; ஆனால் பழைய ரேடியேட்டர் தாங்குமா என்று சோதிக்காமல் மூடியை மாற்றக்கூடாது.

கொட்டாஞ்சேனை, மாணவி: நாங்களே பெயின்ட் அடிக்கலாமா?

பிரைமர் வரை அடிக்கலாம். மழைக்காலத்தில் தகட்டைச் சுரண்டிவிட்டு அன்றைக்கே பிரைமர் அடிக்காவிட்டால், மறுநாள் காலையில் செந்நிறத் துரு படிந்திருக்கும். ஹார்ட்னர் கலந்த டூகே பெயின்ட்டில் ஐசோசயனேட் இருப்பதால் நுரையீரல் பாதிக்கப்படும். துணி முகமூடி அதற்குப் போதாது. அதை வெளிக்காற்று தரும் முகமூடியுள்ள பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

வெள்ளவத்தை: எல்லாம் முடிந்த பிறகு முதலில் எங்கே ஓட்டுவது?

வீதியில் அல்ல. மதில் சூழ்ந்த காலி வளவு ஒன்றில், நடை வேகத்தில் பிரேக்கை மட்டும் திரும்பத் திரும்பச் சோதியுங்கள். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முன்பே இறுகினால், பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று தேவை. அதைச் சரிசெய்யாமல் ஈரமான தாரில் ஓட்டினால் காரின் பின்புறம் முன்னே வரப் பார்க்கும். முதல் ஐம்பது கிலோமீற்றருக்குப் பிறகு சக்கர நட்டுகள், ஸ்டியரிங் மூட்டுகள், எஞ்சின் தாங்கிகள், புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்கள் ஆகியவற்றை மீண்டும் அளந்து இறுக்குங்கள். ஒவ்வொரு பிரேக் இணைப்பையும் வெள்ளைக் கடதாசியால் துடைத்துப் பார்த்து, ஒன்றிலாவது ஈரம் தெரிந்தால் கசிவை அடைக்கும் வரை காரை வளவை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.