வேலை வாங்கிக் குடுத்தாச்சு, அப்புறம் யாரு பாக்கறது?

கேள்வி: அக்கா, எங்க ஊரு கொழிஞ்சாம்பாறைங்க, கேரளா பார்டர்ல இருக்கு. பையனுக்கு 26 வயசு, அறிவுசார் குறைபாடு, கார்டுல 60 சதவீதம்னு போட்டிருக்கு. ஸ்பெஷல் ஸ்கூல் முடிச்சுட்டு ரொம்ப நாள் வீட்லயே இருந்தான், அப்புறம் ஒரு ட்ரஸ்ட்காரங்க கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்துல சேத்துவிட்டாங்க. ட்ரெயினர் தம்பி ஒருத்தர் மூணு மாசம் கூடவே நின்னு சொல்லிக் குடுத்தாரு, இவனும் நல்லாத்தான் போயிட்டு வந்தான். அந்தத் தம்பி போனாரு, அதே சமயத்துல மேஸ்திரியும் மாறிட்டாரு. ஒருநாள் திடீர்னு மழை, எல்லாரும் ஓடி ஓடி தார்ப்பாய் மூடறாங்க, இவன் மட்டும் அசையாம நின்னுட்டானாம், புது மேஸ்திரி சத்தம் போட்டிருக்காரு, மறுநாள்ல இருந்து போகவே மாட்டேங்கறான். ட்ரஸ்ட்ல கேட்டா "எங்க வேலை ப்ளேஸ்மென்ட்டோட முடிஞ்சுதுங்க"ன்றாங்க. இவனால முடியாதுன்னு விட்டுரட்டுமாங்க?

பதில்: விட்டுராதீங்கம்மா. மூணு மாசம் ஒழுங்கா போயிட்டு வந்த பையனுக்கு வேலை வராதுன்னு எப்படி சொல்றது? வேலை அவனுக்குத் தெரியும், அதை அவன் ரெண்டே ரெண்டு பேரை நம்பித்தான் பாத்துட்டு இருந்தான், ரெண்டு பேரும் ஒண்ணா காணாம போயிட்டாங்க. இது அந்த ட்ரஸ்ட் முதல்நாளே யோசிச்சிருக்க வேண்டிய விஷயம். சேத்துவிட்ட அன்னைக்கு மாலை போட்டு போட்டோ எடுக்கறாங்க, ஆறு மாசம் கழிச்சு அந்தப் பையன் எங்கங்கன்னு கேட்டா முழிக்கறாங்க.

உங்க பையனுக்குச் செஞ்ச மாதிரி கூடவே நின்னு வேலை சொல்லிக் குடுக்கறதுக்கு சப்போர்ட்டட் எம்ப்ளாய்மென்ட்னு பேரு. இந்த முறை அமெரிக்காவுல வளந்தது, 1986-லயே அங்க சட்டத்துல ஏத்திட்டாங்க. முதல்ல ட்ரெயினிங், அப்புறம் வேலைங்கற கதை இல்ல, நேரா வேலையில சேத்துட்டு அங்கயே கத்துக்குடுக்கறது, அதுக்குன்னு ஜாப் கோச்னு ஒருத்தர் இருப்பாரு. ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கு அடுத்த பகுதிதான். ஆரம்பத்துல ஆகற செலவை ஒரு துறை 24 மாசம் வரைக்கும் பாத்துக்கும், அதுக்கப்புறம் தொடர்ந்து கூட நிக்கறது யாரு, காசு எங்கருந்துன்னு முன்னாடியே பேசி வச்சிருக்கணும், மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வேலை பாக்கற இடத்துக்கே போய் பாக்கணும்னு விதி. நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 19-வது பிரிவுல அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் இருக்கறவங்களுக்குத் தனியா பயிற்சி குடுங்க, அதை மார்க்கெட்டோட இணைங்கன்னு சொல்லுது. சரி, சேந்ததுக்கப்புறம் வருஷக்கணக்கா வந்து பாக்கற ஆளுக்கு யாரு சம்பளம் குடுக்கறது? அதைப் பத்தி நம்ம சட்டம் வாயே திறக்கல. அதனால அந்த ஏற்பாட்டை நாமதான் கட்டியாகணும்.

களத்து ஓனரைப் போய் பாருங்க, ட்ரெயினர் தம்பியையும் கையோட கூட்டிட்டுப் போங்க, ரெண்டு நாள் வந்து நிக்கச் சொன்னா மாட்டேன்னு சொல்லமாட்டாரு. பையன் பக்கத்துல உக்காந்து கொப்பரை பிரிக்கற அம்மா யாராவது இருப்பாங்க இல்ல, அவங்ககிட்ட பேசுங்க. மேஸ்திரி மாறுவாரு, ஓனர் மகன் வந்து உக்காருவான், அந்தம்மா எங்கயும் போகமாட்டாங்க. என்னதான் ட்ரெயினிங் எடுத்த கோச்சா இருந்தாலும் நாள் பூரா பக்கத்துல இருக்கற மனுஷங்களுக்கு ஈடு கிடையாது. "அவன் நின்னுட்டான்னா பேரைச் சொல்லி, அடுத்து என்ன பண்ணணும்னு ஒரே வரியில சொல்லுங்க, சத்தம் மட்டும் வேண்டாம்", இவ்வளவுதான் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்.

அப்புறம் அந்த மழை. மழை வந்தா பத்து பேரு பத்து விதமா கத்துவாங்க, அதுல எந்தச் சொல் தனக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? மழைன்னா அவனுக்கு ஒரே வேலை, தார்ப்பாயோட இந்த மூலையில கல்லு வைக்கறது, அவ்வளவுதான். அந்த மூலையில பெயின்ட்ல ஒரு அடையாளம் போட்டு, வெயில் அடிக்கற நாள்லயே நாலு தடவை செஞ்சு பழக்குங்க. பிரிக்கற வேலைக்கும் இதே யோசனைதான், நல்ல கொப்பரை, பூஞ்சை பிடிச்சது, ஈரம் காயாதது, மூணுலயும் ஒவ்வொண்ணை ஒரு பலகையில ஆணி அடிச்சு அவன் கண்ணுக்கு நேரா மாட்டிட்டா சந்தேகம் வர்றப்ப பக்கத்துல வச்சுப் பாத்துக்குவான். ஈரம்னு மாட்டினது அங்கயே காஞ்சுரும், அதை மட்டும் அப்பப்ப மாத்தணும்.

ட்ரஸ்ட்கிட்ட ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுத்து கேளுங்க, பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை களத்துக்கு வரணும், முடியலைன்னா போனாவது. வந்தவங்க "எப்படிப் போகுது"ன்னு கேட்டா "நல்லா போகுதுங்க"ன்னுதான் பதில் வரும், அது உதவாது. அடுத்த ரெண்டு வாரத்துல இங்க என்ன மாறப்போகுதுன்னு கேக்கணும். புது மெஷின் வருதா, ஆள் மாறுதா, பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு, இந்த மாதிரி. மாறுற இடத்துலதான் நம்ம பசங்க தடுமாறுவாங்க. நீங்க போய் களத்துல உக்காராதீங்க, அம்மா பக்கத்துல இருந்தா எல்லாரும் அவனைக் குழந்தையாத்தான் நடத்துவாங்க. கேரளா சர்டிபிகேட் தமிழ்நாட்டுல செல்லாதுன்னு யாராவது சொன்னா அதே 2016 சட்டத்தோட 58-வது பிரிவைக் காட்டுங்க, இந்தியா முழுக்க செல்லும்.

கேள்வி: தம்பிக்கு மனச்சிதைவு நோய். நாங்க கூடலூர், தேனி மாவட்டம். ஏலக்காய்க் காட்டுக்கு விடிகாலை ஜீப்புல போகணும், ராத்திரி மாத்திரையால எந்திரிக்க முடியல, வாரத்துல ரெண்டு நாள் ஜீப்பை விட்டுர்றான். நோயை மறைச்சே வேலைக்கு அனுப்பலாமா மேடம்?

பதில்: முதல்ல டாக்டர்கிட்ட இந்த ஜீப் டைமைச் சொல்லுங்க, மாத்திரையோட நேரத்தையோ அளவையோ மாத்த முடியுமான்னு அவருதான் பாக்கணும். நீங்களா நிறுத்திராதீங்க, அதுலதான் பாதிப் பேரு திரும்ப படுக்கறாங்க. சொல்றதா வேண்டாமாங்கறது தம்பியோட முடிவு, உங்களோடது இல்ல. சொன்னாலும் நோய் பேரைச் சொல்லணும்னு அவசியம் இல்ல, "காலையில எந்திரிக்கறது எனக்குக் கஷ்டம்"னு கங்காணிகிட்ட சொன்னாலே பாதி பிரச்சினை தீரும். அதைவிட ஊருக்குள்ளயே ஏலக்காய் ரகம் பிரிக்கற இடத்துல ஒம்பது மணி வேலை கிடைக்குதான்னு தேடுங்க, கூலி கொஞ்சம் கம்மியா இருந்தாலும் தாக்குப்பிடிப்பாரு. ஒரு வருஷம் நல்லா இருந்தார்னா குணமாயிடுச்சுன்னு நீங்க கண்டுக்காம விட்டுறக் கூடாது. தூக்கம் குறையுதா, தனியா பேசறாரான்னு கவனிக்க வீட்ல ஒருத்தர், வேலையில ஒருத்தர் எப்பவும் இருக்கணும். ராத்திரி அவசரம்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் லைன், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

கேள்வி: நகரியில சின்னதா தறி வச்சிருக்கேன். மூளை முடக்குவாதம் இருக்கற பொண்ணு ஒண்ணு வேலை கேக்குது. துணி மடிக்கற வேலை குடுக்கலாம், ஆனா மத்தவங்களைவிட மெதுவா செய்யும். பாதிக் கூலி குடுத்தா போதும்தானே?

பதில்: போதாதுங்க. பீஸ் ரேட்டுன்னா மத்தவங்களுக்கு என்ன ரேட்டோ அதேதான் அந்தப் பொண்ணுக்கும், குறைச்சு மடிச்சா வர்றது தானா குறையும், நீங்க எதுக்கு ரேட்டைக் குறைக்கறீங்க? நாள் கூலின்னா குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ போகவே கூடாது. மெதுவா செய்யுதுன்னு சொல்றதுக்கு முன்னாடி மேஜை உயரத்தைப் பாருங்க, கை நடுங்கறவங்களுக்கு முழங்கையை ஊன்ற இடம் இருந்தா வேகம் வரும், துணி நழுவாம இருக்க ஒரு கிளிப் போதும். பணத்தை அந்தப் பொண்ணோட பேங்க் அக்கவுன்ட்லயே போடுங்க, அண்ணன் வந்து கேட்டாலும் கையில குடுக்காதீங்க. ஒரு மாசம் ட்ரையல் பாக்கறேன்னா தாராளமா பாருங்க, அந்த மாசத்துக்கும் கூலி உண்டு.