புண் சின்னதுதான், ஆனாலும் இன்றே போங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பக்கம் இருக்கிறோம். எங்கள் லாப்ரடாரை வாரக் கடைசியில் நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குக் கூட்டிப்போவோம். இரண்டு நாளாக அவன் முன்னங்காலில் ஒரு புண், நக்கிக்கொண்டே இருக்கிறான். சாப்பாடு வழக்கம்போலத்தான். ‘அலபாமா ராட்’ என்ற நோயாக இருக்கும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். மஞ்சள் பூசி ஆறவிட்டுப் பார்க்கலாமா?

பதில்: மஞ்சள் வேண்டாம், நக்கியே தீர்த்துவிடுவான். இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் முள் கிழித்ததாகவோ பூச்சிக்கடியாகவோதான் இருக்கும். பிரிட்டனில் 2012-க்குப் பிறகு இந்த நோய் உறுதியான நாய்கள் சில நூறுதான். ஆனால் ஆரம்பத்தில் வந்தவற்றில் பல, நீங்கள் போகிற அதே நியூ ஃபாரஸ்ட் பக்கத்தவை. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

1980-களில் அமெரிக்காவின் அலபாமாவில் பந்தய கிரேஹவுண்டு நாய்களிடம் முதலில் கண்டதால் அந்தப் பெயர். நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். தோலில் அடைத்தால் புண். சிறுநீரகத்தில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. புண் வந்து சராசரியாக 3 நாளில், சிலவற்றுக்கு 10 நாள் வரை கழித்து, சிறுநீரகம் செயலிழக்கலாம். வாந்தி, சோர்வு, சாப்பாட்டை ஒதுக்குவது எல்லாம் அப்போதுதான். ஆகவே இன்று தட்டைக் காலி செய்கிறான் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

முடியை விலக்கிப் பாருங்கள். அடிபட்ட தடயமே இல்லாமல் வட்டமாகச் சிவந்து, மேல்தோல் போய், நடுவே கறுத்திருக்கிறதா? பாதம் வீங்கியிருக்கிறதா? வயிறு, மூக்கு, நாக்கையும் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் போட்டோ எடுத்தால், நாளைக்குப் பெரிதானதா என்று தெரியும்.

மருத்துவர் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டும் கழிவுப்பொருள்), பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) அளவுகளைப் பார்ப்பார். முதல் முடிவு சரியாக வந்தாலும், இரண்டு நாளில் மறுபடி எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். பாதிப்பு தோலோடு நின்றுவிட்டால் கட்டுப்போட்டுத் தேற்றிவிடலாம். சிறுநீரகம் போனால் அட்மிட் செய்து டிரிப் ஏற்றியும் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. ராயல் வெட்டர்னரி கல்லூரியில் 6 நாய்களுக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றிப் பார்த்ததில் 2 பிழைத்தன. அப்புறம், வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள ஐபுப்ரொஃபென் கொடுத்துவிடாதீர்கள். அது நல்ல சிறுநீரகத்தையே கெடுக்கும்.

காரணம் இன்னும் பிடிபடவில்லை, தடுப்பூசியும் கிடையாது. மனிதருக்குத் தொற்றியதாகத் தகவல் இல்லை. நவம்பர் முதல் மே வரை, சேறான காட்டுப்பாதைகளில் நடந்த நாய்களிடம்தான் அதிகம் தென்படுகிறது. வீடு திரும்பியதும் காலையும் வயிற்றையும் கழுவித் துடையுங்கள். கழுவினால் வராது என்பதற்கு நிரூபணம் இல்லைதான். ஆனால் விரலிடுக்கைத் தேய்க்கும்போது புதுப் புண் ஏதும் இருந்தால் அன்றைக்கே கையில் தட்டுப்பட்டுவிடும்.