நீர்வடிப்பகுதித் திட்டத்தில் (மழைத் தண்ணீர் ஒரே ஓடைக்கு வடிகிற நிலப்பரப்பு முழுவதிலும் மண்ணையும் நீரையும் காக்கும் திட்டம்) எங்கள் நிலத்தில் வரப்பு போடக் கையெழுத்து கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள். ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொடுக்க வேண்டாம். காட்டில், அதாவது அந்த நிலத்திலேயே, நின்று கொடுங்கள், பக்கத்தில் உங்கள் அம்மாவும் இருக்கட்டும்.

நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உங்கள் அப்பா பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் பயந்தார். அந்தக் காலத்தில் மண் பாதுகாப்பு என்று வந்து வரப்பு போட்டுவிட்டு, செலவில் ஒரு பகுதியை நிலத்துக்காரரிடமே தவணையில் வசூலித்திருக்கிறார்கள். தாத்தா கட்டிய அந்தத் தவணை அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அப்படித் தவணை வசூல் இல்லை; சிறு பங்கு ஒன்று மட்டும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். வரப்பு போட்டாலும் பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். கேட்பது வேலை செய்ய ஒப்புதல் மட்டும்தான். அப்படியும் படிவத்தை முழுக்கப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்களுக்குத் தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம், மூன்று ஏக்கர் மானாவாரி. சரிவான செம்மண் காடு. ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டம் 2012இல் எங்கள் ஊருக்கு வந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆட்கள் சர்வே எண் வாரியாக வரைபடம் வைத்திருந்தார்கள். டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார், ஜேசிபி வந்தது, இரண்டே நாளில் வேலை முடிந்தது. மிச்சத் தண்ணீர் வெளியேற வழிந்தோடியைக் கிழக்கே வேப்பமரத்தடியில் வைத்தார்கள்.

அம்மா அன்றைக்கே சொன்னார்: "தண்ணி அந்தாண்ட போவாது, புத்து பக்கந்தான் போவும்." யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

புரட்டாசிக் கடைசியில் ஒரே ராத்திரியில் நல்ல மழை. மூன்று ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆறு லட்சம் லிட்டர் தண்ணீர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஐம்பது. அதில் கொஞ்சம்தான் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். மீதி புற்றுப் பக்கம் தேங்கி, வரப்பை உடைத்துக்கொண்டு கீழ்க்காட்டில் பாய்ந்தது. அது பெரியப்பா முறை ஆகிறவருடைய காடு. கதிர் விட்டிருந்த கேழ்வரகில் கால் ஏக்கருக்கு மண் மூடிவிட்டது. ஒரு வருடம் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

பிறகு களப்பணிக்கு ஒரு இளம்பெண் புதிதாக வந்தார். அவர்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காடு முழுக்க நடந்தார். புற்றுக்கு இருபதடி முன்னால் அம்மா நின்று, குதிகாலால் மண்ணை அழுத்திக் காட்டினார். மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் அங்கே கால் புதைந்தது. தாத்தா காலத்தில் தூர்த்த ஓடை அது. முப்பது வருடமாக அங்கே குனிந்து களை எடுத்தவருக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இல்லை. அந்த இடத்திலேயே கல் அடுக்கி வழிந்தோடி கட்டினார்கள். வரப்பு மேல் கொழுக்கட்டைப் புல்லும் துவரையும் போட்டோம். அதற்கப்புறம் அது ஒருமுறைகூட உடையவில்லை. மழைக்குப் பின் ஓடையில் செக்கச்செவேல் என்று ஓடுகிற தண்ணீர் எங்கள் காட்டைத் தாண்டும்போது இப்போது தெளிந்திருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

மகாராஷ்டிரத்தில் ஜெர்மனி உதவியோடு நபார்டு வங்கி நடத்திய நீர்வடிப்பகுதித் திட்டத்தில் புருஷன், பெண்டாட்டி இருவரையும் நிலத்தில் நிற்க வைத்துத்தான், எங்கே வரப்பு, எங்கே மரம் என்று முடிவு செய்தார்களாம். 'நெட் பிளானிங்' என்பார்கள். பிற்பாடு இதைப் படித்தபோது வயிறு எரிந்தது. அம்மாவை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கால் ஏக்கர் கேழ்வரகு பிழைத்திருக்கும், ஒரு உறவும் முறிந்திருக்காது.

நான் எந்த நிறுவனத்துக்கும் ஆள் இல்லை. பில்லில் விளையாடுகிறார்கள், கமிஷன் அடிக்கிறார்கள் என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறீர்கள். நடக்கிற ஊர்கள் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக வரப்பே வேண்டாம் என்பவர்கள், ஒவ்வொரு மழைக்கும் ஓடையில் போகிற மேல்மண்ணை எங்கிருந்து திரும்பக் கொண்டு வருவார்கள்?

பணத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் திட்டத்துக்கு இருந்த மத்திய அரசின் 2008 பொது வழிகாட்டுதலின்படி, தனியார் நிலத்தில் செய்த வேலையின் செலவில் குறைந்தது 10 சதவீதம் நம் பங்காக இருந்தது. சிறு, குறு விவசாயிகளுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 5 சதவீதம். அது ஊரின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதியில் சேரும். திட்டம் முடிந்த பிறகு பழுது பார்ப்பதற்கான பணம் அது. உங்கள் திட்டத்தில் எவ்வளவு என்று கேட்டு, கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். பாஸ்புக் யாரிடம் இருக்கும், யார் யார் கையெழுத்து என்பதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் அதைச் செய்யவில்லை. கையெழுத்து அதிகாரம் இருந்த ஒருவர் இறந்துவிட்டார், பணம் எடுக்க முடியாமல் கிடக்கிறது, மேட்டுத் தடுப்பணையில் மண் தூர்ந்து கிடக்கிறது. இதற்காக மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈரம் நின்றதால் நிலக்கடலை முன்னைவிட நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் எடை போடும் இடத்தில் மூட்டைக்கு இரண்டு கிலோ 'கழிவு' என்று தள்ளுகிறார்கள். காய்ந்த காய்க்கும் அதே இரண்டு கிலோ. மண்ணைக் காப்பாற்ற இத்தனை பேர் ஊருக்கு வருகிறார்கள், அந்தத் தராசுப் பக்கம் ஒருவர்கூட வருவதில்லை. யாராவது அதைப் பற்றியும் ஒரு கேள்வி போடுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மழை விட்ட மறுநாள் அவர்களை வரச் சொல்லுங்கள். கீழ்க்காட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அம்மா முன்னால் நடக்கட்டும்.