பிரியாணி இலையா? நரம்பைப் பாருங்கள்

கேள்வி: பிரியாணி இலைக் கன்று என்று சொல்லி நர்சரியில் கொடுத்தார்கள். மூன்றடி வளர்ந்துவிட்டது. இலையைக் கசக்கினால் கிராம்பு வாசம் வருகிறது. ஆனால் மளிகைக் கடை இலையில் நீளவாக்கில் ஓடும் நரம்புகள் இதில் இல்லை. மீன்முள் மாதிரி இருக்கிறது. சமையலுக்கு எடுக்கலாமா?

பதில்: பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். வெயிலையும் தண்ணீரையும் பொறுத்து இலையின் அளவு மாறும். நரம்பு ஓடும் விதம் அவ்வளவு எளிதில் மாறாது.

நம் மளிகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இமயமலைப் பக்கம் வளரும் தேஜ்பத்தா. இலவங்கப்பட்டை மரத்துக்கு நெருங்கிய சொந்தம். இரண்டிலுமே காம்பை ஒட்டி மூன்று நரம்புகள் கிளம்பி நுனியை நோக்கி ஓடும். உங்கள் செடி இந்த இரண்டும் இல்லை. ஐரோப்பியச் சமையலில் போடும் பே இலைக்கு மீன்முள் நரம்பு உண்டு, ஆனால் கிராம்பு வாசம் கிடையாது.

எனக்குச் சர்வசுகந்தி என்றுதான் தோன்றுகிறது. ஆல்ஸ்பைஸ் என்பார்களே, அதுதான். உறுதிசெய்ய, கொழுந்தை விட்டுவிட்டு முற்றிய இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பக்க நரம்புகள் விளிம்பைத் தொடுவதற்குச் சற்று முன்பே வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்து, விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடாக ஓட வேண்டும். ஊசிமுனை அளவில் ஒளிப்புள்ளிகளும் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கணுவில் இலைகள் எதிரெதிராக இருக்கும். அந்த விளிம்புக் கோடு பிடிபடவில்லையென்றால் முதலில் ஒரு நாவல் இலையில் பார்த்துப் பழகுங்கள். அதுவும் இதே குடும்பம்தான்.

கிராம்பும் இதே குடும்பம் என்பதால் அந்தக் கன்றோடு குழம்ப வாய்ப்புண்டு. கிராம்பு இலையில் பக்க நரம்புகள் மெல்லியதாக, மிக நெருக்கமாக இருக்கும். சர்வசுகந்தியில் இடைவெளி விட்டு, அடிப்பக்கத்தில் புடைத்துத் தெரியும்.

சர்வசுகந்தி என்று உறுதியானால் தாராளமாகச் சமைக்கலாம். பச்சையாகப் போட்டால் வாசம் தூக்கலாக இருக்கும். நிழலில் உலர்த்தி ஓர் இலை போட்டாலே போதும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மூன்று நரம்பைப் பார்த்ததும் பிரிஞ்சி இலை என்று யாரும் முடிவுகட்டிவிடாதீர்கள். கொடிய நஞ்சுள்ள எட்டி மரத்தின் இலையிலும் அடியிலிருந்து மூன்று முதல் ஐந்து நரம்புகள் ஓடும். அதைக் கசக்கினால் பட்டை வாசம் வராது. சந்தேகமான இலையை வாயில் வைத்துப் பார்க்கவே கூடாது. இலைகளோடு ஒரு சிறு கிளையை ஒடித்து, பக்கத்திலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டிக் கேளுங்கள். பூ இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.