துத்தமும் வேண்டாம், ரெசினும் வேண்டாம்: பூசணம் பிடிக்காத காகிதக் கிண்ணம்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் பழைய செய்தித்தாளில் கிண்ணம் செய்து, பொங்கலுக்குத் தாத்தா பாட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறாள் என் மகள் (வயது 9). போன வருடம் செய்தது ஓரம் தொய்ந்து, நாலாம் நாளே உள்பக்கம் கரும்புள்ளியாகப் பூசணம் பூத்துவிட்டது. மைதா பசையில் மயில்துத்தம் கலந்தால் பூசணம் வராது என்கிறார் பைண்டிங் கடைக்காரர். கலக்கலாமா? இன்னொருவர், 'ரெசின் கீசெயின் கிட் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் நானே வகுப்பு எடுக்கிறேன்' என்று 1,200 ரூபாய் கேட்கிறார். அது பரவாயில்லையா? 5 வயதுப் பையன் ஒருவனும் இருக்கிறான். அவனுக்கும் ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: துத்தம் கலக்காதீர்கள். பைண்டர் சொன்னதில் பொய்யில்லை. மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். பூஞ்சையையும் பூச்சியையும் அண்டவிடாது என்பதால்தான் அவர்கள் பசையில் போடுகிறார்கள். ஆனால் அது விஷம். வயிற்றுக்குள் போனால் வாந்தி, குடல் புண். கண்ணில் தெறித்தாலும் ஆபத்து. பசையை அள்ளிப் பூசிய கையாலேயே முறுக்கை எடுத்துத் தின்கிற வயது உங்கள் பிள்ளைகளுக்கு. கற்கண்டு என்று நினைத்துப் பையன் வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய அந்த நீலக்கல் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம்.

பூசணம் வந்தது பசையில் மருந்து இல்லாததால் அல்ல, கிண்ணம் காயாததால். மார்கழியில் டெல்டா பக்கம் காற்றிலேயே ஈரம் நிற்கும். ஒரே நாளில் ஆறேழு அடுக்கு ஒட்டினால் மேல்தோல் காய்ந்துவிடும், நடு அடுக்கு ஈரமாகவே இருக்கும். மாவும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? ஈரத்தோடு அச்சிலிருந்து எடுத்ததால்தான் ஓரமும் தொய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பசையில் உப்புப் போடச் சொல்லும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் கிண்ணம் கசகசவென்றே இருக்கும். காகிதத்தை வெந்தயத்தோடு ஆட்டிக் கூழாக்கிக் கூடை செய்வார்களே, அது நல்ல முறைதான், வெந்தயத்தின் வழவழப்பு கூழை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் அவ்வளவு கனமான கூழ் காய சித்திரை வெயில் வேண்டும். இந்த விடுமுறைக்குக் கூழ் சரிவராது, கீற்றுக் காகிதம்தான்.

இனி அந்த ரெசின் கிட். 9 வயதுப் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுக்கவே கூடாது. இரண்டு புட்டி இருக்கும்: ஒன்று எப்பாக்ஸி ரெசின், மற்றது அதை உறையவைக்கும் ஹார்ட்னர். உறையாத நிலையில் இரண்டுமே தோலுக்கு ஆகாதவை. முதல் தடவை பட்டபோது ஒன்றும் ஆகாமல் போகலாம். பட்டுப்பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது, பிறகு துளி பட்டாலே அரிப்பும் கொப்புளமும்தான். 'வாசனையே இல்லை மேடம், சேஃப்' என்பார்கள். வாசனைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? மூக்குக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். தாராளமாகக் கலந்து கப்பில் அப்படியே வைத்தால் கலவை தானாகச் சூடேறிப் புகையும். இதை வகுப்பு எடுக்கிறவர் சொன்னாரா? பொருளுக்கான பாதுகாப்பு விவரத்தாளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குப் பதில் வராது, இன்னொரு தள்ளுபடிதான் வரும். இந்த வகுப்புகளில் பலவற்றுக்கு லாபமே கிட்டில்தான். மொத்தக் கடையில் வாங்கியதைப் பிரித்து, ஒரு அச்சும் நாலு வளையமும் சேர்த்துப் பெட்டி கட்டி விற்பது, மீதிக்கு வாட்ஸ்அப் குழு.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் அதே பிள்ளைகளின் கைக்குப் போகும் ரெசினுக்குக் 'கலைப் பொருள்' என்று பெயர் வைத்துவிட்டால் பொம்மைக் கணக்கில் வராது என்று தப்பிக்கிறார்கள். பெட்டியின் முகப்பில் சிரிக்கும் குழந்தையின் படம், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் '14+'. கிலுகிலுப்பைக்கு முத்திரை கேட்கிற அதிகாரிகள் இதைத் திருப்பிப் படிக்க மாட்டார்களா? படிக்கும் வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது. பெட்டியின் பின்பக்கத்தைப் பார்க்காமல் எந்த கிட்டும் வாங்காதீர்கள்.

கிண்ணத்துக்கு வருவோம். பசை காய்ச்சுவது உங்கள் வேலை. கால் டம்ளர் மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது அதில் ஊற்றி, சிறுதீயில் கைவிடாமல் கிண்டுங்கள். வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடிபோல் வந்ததும் இறக்கிவிடலாம். காய்ச்சாத மாவுக்கரைசலில் ஒட்டும் தன்மை குறைவு, காய்ந்ததும் பொடிந்து உதிரும். மீந்த பசை ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள். மைதாவே வேண்டாமென்றால் வெள்ளை ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. செலவு கூடும், பூசணத் தொல்லை குறையும்.

அச்சுக்கு வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணம் எடுங்கள். விளிம்பு உள்பக்கம் மடிந்திருக்கக் கூடாது, காகிதக் கிண்ணம் கழன்று வராது. கழுவித் துடைத்த பால் கவரை வெட்டி விரித்து, கவிழ்த்த கிண்ணத்தின்மேல் மூடுங்கள். எண்ணெய் தடவச் சொல்வார்கள். அது காகிதத்தில் ஊறிவிட்டால் பெயின்ட் பிடிக்காது.

செய்தித்தாளைக் கிழிக்கும் வேலை பையனுக்கு. கத்தரிக்கோல் வேண்டாம், கிழித்த ஓரம்தான் இழைந்து ஒட்டும். தாள் ஒரு வாக்கில் நேராகவும் குறுக்கு வாக்கில் கோணலாகவும் கிழியும். நேராகக் கிழியும் வாக்கை அவனுக்குக் காட்டிவிட்டால் போதும். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம்.

ஒட்டுவது மகளின் வேலை. முதல் அடுக்கை வெறும் தண்ணீரில் நனைத்து ஒட்டச் சொல்லுங்கள், பால் கவரோடு ஒட்டிக்கொள்ளாது. அடுத்த அடுக்கிலிருந்து பசை. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்: பசையில் தோய்த்த கீற்றை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கொடுத்து, மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்து வழித்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட ஒட்டினால் மறுபடி போன வருடத்துக் கதைதான். ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பழைய நோட்டுத் தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விடுபட்டது என்று அவளுக்கே தெரியும். முதல் நாள் தண்ணீர் அடுக்கும் பசை அடுக்கு இரண்டும், மறுநாள் இரண்டு, மூன்றாம் நாள் இரண்டு. அதற்குமேல் ஒரு அடுக்குகூட வேண்டாம். நடுவில் ஒவ்வோர் இரவும் மின்விசிறிக் காற்று. உச்சி வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து முறுக்கிக்கொள்ளும்.

நாலாம் நாள் அச்சிலிருந்து கழற்றி, உள்பக்கம் மேலே பார்க்க இன்னும் இரண்டு நாள் காயட்டும். காய்ந்ததா என்று விரலை நம்பாதீர்கள், கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் உள்ளே ஈரம். வீட்டில் சமையல் தராசு இருந்தால் காலையில் நிறுத்துப் பாருங்கள், மறுநாள் காலையும் அதே எடை என்றால் முடிந்தது. பிறகு விளிம்பைச் சீராக வெட்டி, குட்டிக் கீற்றுகளால் மடித்து ஒட்டிக் காயவிடுங்கள்.

வர்ணத்துக்கு அக்ரிலிக்தான் நல்லது. முதலில் வெள்ளை இரண்டு பூச்சு. இல்லாவிட்டால் தலைப்புச் செய்தி எட்டிப் பார்க்கும். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரையும், மேலே பசையோ வார்னிஷோ தடவினால் கோலம் கலைந்துவிடும். கடைசியில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு.

இதில் சாப்பிடும் பொருள் வைக்காதீர்கள். செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு உணவுப் பொட்டல விதிகளே சொல்கின்றன. பஜ்ஜிக் கடையில் அதை யார் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். நம் கிண்ணத்துக்கு ஒரு விலக்கு உண்டு: தனித்தனியாகத் தாள் சுற்றிய மிட்டாய். சுற்றிய என்றால் முழுதாகச் சுற்றியது. பாட்டி கையால் பிடித்த பொரிவிளங்காய் உருண்டை அதில் சேராது. வாழையிலை விரித்து வைக்கலாமா என்று கேட்காதீர்கள், இலையின் ஈரம் கிண்ணத்தைக் கெடுக்கும். இவ்வளவு யோசிப்பதற்குத் தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, சாவி, பாட்டியின் ஹேர்பின் என்று சொல்லிக் கொடுத்துவிடுவது சுலபம்.

கிண்ணத்தோடு கட்டும் அட்டையைப் பையன் செய்யட்டும். வேப்பிலை, அரசிலை இரண்டொன்றைப் பறித்து, ஈரம் துடைத்து, பழைய நோட்டுக்குள் வைத்து மேலே அம்மிக் குழவியோ கனமான புத்தகமோ வைக்கச் சொல்லுங்கள். நோட்டுத் தாளை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் இலை கறுக்காது. ஒரு வாரத்தில் ஒட்டிவிடலாம். அரசிலையின் நரம்பு மட்டும் வலைபோல் நிற்கும்படி செய்ய வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறவேண்டும், இந்த விடுமுறை போதாது. ஒரு மணி நேரத்தில் செய்யலாம் என்று, தோலை அரிக்கும் காஸ்டிக் சோடாவைக் கொதிக்கவைக்கும் வீடியோவைப் பார்த்தால் தள்ளிவிட்டுப் போங்கள்.

மீந்த பசையை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும். தாளில் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவுங்கள்.